முகமூடிக்கு உதடு இல்லை

முகமூடி போட்ட வில்லனுக்குக் குரல் கொடுப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. உதடு தெரியாது. மற்ற நடிகர்களுக்கு டப்பிங் பேசும்போது திரையில் வாய் திறக்கிற இடத்தில் திறந்து, மூடுகிற இடத்தில் மூடித் தொலைய வேண்டும். கொஞ்சம் முன்னே பின்னே விழுந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் கையை ஆட்டிவிடுவார். முகமூடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. தலை ஆடினால் போதும், அவன் பேசியதாகிவிடும். எதை வேண்டுமானாலும் பேசலாம். படம் வெளியாகிற வாரம் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கலாம்.

'அந்திக்கோள்' படங்களில் அதுதான் நடந்தது. மௌனவேந்தன் என்கிற அந்த வில்லன் முதல் பாகத்தில், விண்வெளி முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆள வேண்டும் என்றான். இரண்டாம் பாகத்தில், ஆட்சியெல்லாம் சும்மா, தன்னை நாடுகடத்திய கோளைப் பழிவாங்கவே வந்ததாகச் சொன்னான். இரண்டு லட்சியங்களும் டப்பிங் அறையில் டீ ஆறிக்கொண்டிருக்கும்போது எழுதப்பட்டவை. முகமூடிக்குள் இருந்து நடித்தவர் ஓர் உயரமான குத்துச்சண்டைக்காரர். தான் எதற்காக இத்தனை பேரைக் கொடுமைப்படுத்தினோம் என்பது அவருக்கே தியேட்டரில் போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

அவனுடைய சக்தி மட்டும் மாறவில்லை. உள்ளங்கையை ஒருவர் தொண்டையில் வைப்பான். குரல் அவனிடம் போய்விடும். ஆள் சாக மாட்டார். வாய் அசையும், சத்தம் வராது. பிறகு அதே குரலில் அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்று, "கதவைத் திற, நான்தான்" என்பான். பெற்றவளோ கட்டியவனோ ஓடிவந்து திறப்பார்கள். அந்தப் படங்களில் நட்சத்திரக் கப்பல்கள் உண்டு, வெடிக்கிற சூரியன்கள் உண்டு. ஆனால் பிள்ளைகள் போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

அதைப் பேசியவரை ஸ்டூடியோவில் எல்லோரும் வேந்தர் என்றே கூப்பிட்டார்கள். ஆளைப் பார்த்தால் வேந்தர் என்று தோன்றாது. தபால் ஆபீஸ் வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிற யாரோ ஒருவர் மாதிரி இருப்பார். ஒல்லி உடம்பு, தளர்ந்த சட்டை. பேசத் தொடங்கும் முன் தொண்டையை இரண்டு தடவை செருமிக்கொள்வார், முதலில் சின்னதாக, பிறகு பெரிதாக. அதன் பிறகு வரும் குரலுக்கும் அந்த உடம்புக்கும் சம்பந்தமே இருக்காது.

மூன்றாம் பாகத்துக்கு டைரக்டர் ஓர் இளம்பெண். முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"வேந்தர் சார், இதுல இவன் சாகப் போறான். அதுக்கு முன்னாடி அந்த ஹீரோ பையன் முன்னால உக்காந்து நீளமா பேசறான். என்ன பேசறான்னு இன்னும் எழுதல."

"எழுதாமயே எடுத்துட்டீங்களா?"

"தலைய ஆட்டுங்கன்னு சொல்லி எடுத்துட்டேன்."

வேந்தர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு படமா எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க சார். எடுத்த குரலை எல்லாம் இவன் வெச்சுக்கறான். ஒன்னைக்கூடத் திருப்பிக் குடுக்கல. ஆட்சிதான் வேணும்னா ஆளைக் கொன்னா போதாதா? பழிவாங்கணும்னா ஊரைக் கொளுத்தினா ஆச்சு. எதுக்குக் குரலு? என்கிட்ட பதில் இல்ல. இத்தனை வருஷமா அவனுக்குள்ள இருக்கறது நீங்கதான். நீங்களே சொல்லுங்க, அவனுக்கு என்னதான் வேணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார் வேந்தர். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.  பசிக்கிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

பின்னாலேயே இன்ஜினியரும் வந்தார். அவருக்குப் பெயர் 'காது'. பக்கத்து அறையில் ஒருவர் பொய் சொன்னால்கூட இவர் காதில் வேறு மாதிரி விழும் என்று பேச்சு.

"இன்னொரு விஷயம் சார்" என்றார் காது, தம்ளரைப் பார்த்துக்கொண்டே. "அண்ணி குரல் தீந்துபோச்சு. போன படத்துக்கே சுரண்டித்தான் போட்டேன். பாத்திரம் காலி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேந்தரின் மனைவியும் டப்பிங் கலைஞர்தான். முதல் பாகத்தில் மௌனவேந்தன் முதன்முதலாகக் குரல் எடுப்பது விண்துறைமுகத்தில் விளக்கேற்றும் ஒரு பெண்ணிடம். அந்தப் பெண்ணுக்குப் பேசியது அவள். வில்லன் திருடிய குரலில் பேசும் இடம் வந்தபோது, வெறுமனே அவள் குரலைப் போட்டால் எடுபடாது என்று காது சொல்லிவிட்டார். அவன் உள்ளேயிருந்து அவள் பேச வேண்டும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, இரண்டு பேரும் ஒரே மைக் முன்னால் நின்று, ஒரே வார்த்தையை ஒரே மூச்சில் பேசுவது. வேறு யாரையும் வைத்து அதைச் செய்திருக்க முடியாது. ஒரே வீட்டில் அத்தனை வருஷம் குப்பை கொட்டியவர்களுக்குத்தான் அது வரும். தொடங்கும் நேரம் தெரிவதற்காக அவள் அவருடைய இடது முழங்கையில் கிள்ளுவாள். கிள்ளியதும் இரண்டு வாயும் ஒன்றாகத் திறக்கும்: "கதவைத் திற, நான்தான்."

அந்தப் படம் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல்தான் என்றார்கள். சாதாரணமாகவே போய்விட்டாள். இரண்டாம் பாகத்துக்கு, முதல் பாகத்தில் மிச்சமாகிக் கிடந்த அவளுடைய குரலை எல்லாம் காது பொறுக்கியெடுத்து, வேந்தர் பேசும்போது ஹெட்போனில் ஓடவிட்டார். வேந்தர் அந்தப் படத்தில் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் பேசினார். தப்பாகப் பேசினால் மறுபடி எடுப்பார்கள், மறுபடி எடுத்தால் அவள் மறுபடி கூடவே பேசுவாள். காதுக்கு அது தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்றார் காது. "போன மாசம் உங்க வீட்டுக்கு போன் பண்ணினேன். பாப்பா எடுத்துது. 'அப்பா குளிக்கறாங்க'ன்னு ஒரு வார்த்தைதான் சொல்லுச்சு. நான் போனை வெச்சுட்டு உக்காந்துட்டேன். அப்படியே அண்ணி. பாப்பாவை ஒரு நாள் கூட்டிட்டு வாங்களேன்."

வேந்தர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு பொத்துப்போனது. காதுக்குப் போன மாதம் தெரிந்தது அவருக்கு எப்போதோ தெரியும்.

மகள் தண்ணீர் வடிகட்டி விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை போனில் பேச்சுத்தான். சின்ன வயதில் அவள் வாயைப் பார்த்து, "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அவள் அம்மா சிரிப்பாள். அந்த வாயுள்ள பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்தால் பேசுவதே இல்லை. தலையை ஆட்டுவாள், கையைக் காட்டுவாள். சாப்பாடு தயார் என்றால் தட்டை மேஜையில் வைக்கிற சத்தம். கோபம் என்று சொல்லவும் முடியாது. அவர் சட்டைக்குப் பட்டன் தைத்து வைப்பாள், மாத்திரையை எடுத்துக் கையில் கொடுப்பாள். ஊரார் பிள்ளைகளின் குடிநீர்க் குறையை எல்லாம் கேட்டுத் தீர்க்கிறவள், பெற்ற தகப்பனிடம் ஏன் ஒரு வார்த்தை பேசவில்லை என்று அவர் அலுத்துக்கொள்வார்.

ஆனால் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை. ஏன் என்று அவருக்குத் தெரியும். மனைவி போன சில மாதங்களில், பக்கத்து அறையிலிருந்து மகள் யாரிடமோ பேசுவது காதில் விழுந்த ஒரு சாயங்காலம், கை வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றார். அதன் பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. உப்பு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே, "உப்பு எங்கம்மா இருக்கு?" என்று சமையலறையிலிருந்து கத்துவார். "மேல் தட்டுலப்பா" என்று அவள் உள்ளேயிருந்து சொல்வாள். அவர் கண்ணை மூடிக்கொள்வார். முகம் தெரியக் கூடாது. முகம் தெரிந்தால் அது மகள். தெரியாவிட்டால் மற்றவள். கத்தரிக்கோல், குடை, செருப்பு என்று அந்த வீட்டில் காணாமல் போகாத பொருளே இல்லை என்றாயிற்று. பிறகு ஒரு நாள் அவள் பதில் சொல்லாமல் எழுந்து வந்து, அவர் கையிலிருந்த உப்பு டப்பாவைச் சுட்டிக்காட்டிவிட்டுப் போனாள். அன்றோடு வீட்டில் அவள் பேச்சு நின்றது.

இன்று அவர் விஷயத்தைச் சொன்னதும், அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தி, மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"ஒரே ஒரு நாள்தான்மா. அம்மா பண்ணின வேலைதானே? உனக்கும் ஆசையா இருக்காதா?"

மறுபடியும் தலை ஆடியது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மதியம் அவர் செய்த காரியத்தை நியாயப்படுத்த முடியாது. முயலவும் வேண்டாம். ஸ்டூடியோவில் எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம். ஆபீஸ் அறையில் இருந்த போனை எடுத்து, அந்தக் கம்பெனியின் புகார் எண்ணைச் சுழற்றினார். வேறு ஒரு பெண் எடுத்தாள். தண்ணீரில் இரும்பு வாடை அடிக்கிறது என்று இல்லாத ஒரு புகாரைச் சொல்லி வைத்தார். மறுபடி அழைத்தார். ஒரு பையன். மறுபடி. வடிகட்டியில் பூச்சி, வடிகட்டியில் பாசி என்று பாவம் அந்தக் கம்பெனியின் மானத்தை வாங்கிக்கொண்டே போனார். கடைசியில் அவள் எடுத்தாள்.

"வணக்கம். சொல்லுங்க, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இப்படி ஒரு கேள்வியை அந்தக் குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று. சொல்ல எவ்வளவோ இருந்தது. உன் பக்கத்துத் தலையணையை இன்னும் எடுக்கவில்லை. காய்ச்சல்தானே என்று நான் அன்றைக்கு வேலைக்குப் போயிருக்கக் கூடாது. பாத்ரூம் விளக்கு இன்னும் எரியவில்லை.

"ஹலோ? சார், லைன்ல இருக்கீங்களா?"

பேச வேண்டும் என்று தோன்றியது. பழக்கம் போல, முதலில் சின்னதாக, பிறகு பெரிதாகத் தொண்டையைச் செருமினார்.

எதிர்முனையில் மூச்சு நின்றது.

"அப்பா?"

அவர் ரிசீவரைக் கீழே வைத்தார்.  திருடன் அகப்பட்ட மாதிரி அறையைச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை.

சாயங்காலம் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக அவர் எதிரில் வந்து நின்றாள். அவர் ஏதோ பேப்பரைப் பார்க்கிற மாதிரி இருந்தார்.

"அங்கயும் வந்துட்டீங்களாப்பா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குள் கேட்ட குரல். வேந்தரின் இமைகள் தாமாகவே இறங்கின.

"கண்ணைத் திறங்க!" என்று கத்தினாள். "நான் பேசறப்ப எல்லாம் ஏன் கண்ணை மூடிக்கறீங்க? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? என் தொண்டையில வேற யாரையோ வெச்சுக்கிட்டு கேக்கறீங்க. அம்மா போனதுலேர்ந்து இந்த வீட்ல என்கிட்ட யாருமே பேசலப்பா. நான் பேசி யாரும் கேக்கவும் இல்ல."

"இல்லம்மா, அப்பா வந்து..."

"எனக்கும் அவ அம்மாதான். எனக்கும் அவளைக் கேக்கணும்னு இருக்காதா? நான் எங்க போய்க் கேப்பேன்? என் குரலை நானே கேக்கறதுக்கு எனக்கு பயமா இருக்கு." அவள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். குரல் இறங்கிவிட்டது. "ஆபீஸ் பக்கத்துல ஒரு ரூம் பாத்திருக்கேன். போயிடறேன். அதுக்கு முன்னாடி உங்க படத்துக்கு ஒரு தடவை வந்து பேசறேன். ஒரே ஒரு தடவை. அதோட என்னை விட்டுடுங்க."

நல்ல தகப்பனாக இருந்தால் அந்த இடத்தில் படத்தை விட்டுவிட்டு மகளைப் பிடித்துக்கொண்டிருப்பார். வேந்தரின் காதில் பாதிதான் விழுந்தது. 'வந்து பேசறேன்' என்ற பாதி.

ஒரு மதியம் ஸ்டூடியோவில் மகள் தோளில் பையை மாட்டியபடியே மைக் முன்னால் வந்து நின்றாள். அன்றைக்கும் காலை முழுவதும் போனில் பேசிவிட்டு, பாதி நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் காதும் டைரக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் அவருக்கு வலது பக்கம் நின்றாள். வேந்தர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்.

இடது முழங்கையில் கிள்ளியது.

"கதவைத் திற, நான்தான்."

 டைரக்டர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். முதல் தடவையே கிடைத்துவிட்டது. வேந்தர் ஒரு விரலைத் தூக்கினார்.

"இன்னொன்னு."

மறுபடி கிள்ளியது. மறுபடி பேசினார்கள். ஹெட்போனுக்குள் மற்றவள் வந்துவிட்டாள். மிச்சம் மீதியாக வரவில்லை, சுரண்டியும் எடுக்கவில்லை, முழுதாக வந்து பக்கத்தில் நின்றாள். அவள் கூந்தல் எண்ணெய் வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது.

"இன்னொன்னு."

"போதும் சார், கெடச்சிடுச்சு" என்று காதின் குரல் ஸ்பீக்கரில் வந்தது. விரல் மறுபடி எழுந்தது. இன்னொன்று. கொஞ்சம் மெதுவாக இன்னொன்று. கொஞ்சம் பக்கத்தில் வந்து இன்னொன்று. காது இரண்டாவது முறை ஏதோ சொன்னார், வேந்தர் அதைக் கேட்கவில்லை. கிள்ளல் ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் வாய் திறந்தது. "கதவைத் திற, நான்தான். கதவைத் திற, நான்தான்." யாரோ எங்கோ ஒரு கதவைத் திறந்துவிடப் போகிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தோன்றியது. இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும்.

அந்தத் தடவை ஹெட்போனில் அவர் குரல் மட்டும் கேட்டது.

கோபம் வந்தது அவருக்கு. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாத கோபம். கண்ணைத் திறக்காமலேயே, வீட்டில் அந்தக் காலத்தில் பேசுவது போலவே கேட்டார்:

"எங்கடி போன?"

 கண்ணைத் திறந்தார்.

மகள் வலது பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வாய் அசைந்தது. அவர் பேசச் சொன்ன வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், உதட்டைப் பார்த்தால் தெரிந்தது. சத்தம் வரவில்லை. வெறும் காற்று. ஒரு கை பையின் வாரைப் பிடித்திருந்தது, மற்றது தன் தொண்டையை. 'அப்பா' என்று உதடு சேர்ந்து பிரிந்தது. அதுவும் காற்றுத்தான். கண்களில் இருந்தது பயம். படத்தில் மௌனவேந்தனின் கைக்கடியில் நின்றவர்கள் யாருக்கும் அத்தனை தத்ரூபமாக அந்தப் பயம் வந்ததில்லை.

இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

காது கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து அவளைத் தோளோடு பிடித்துக் கூட்டிப்போய், கண்ணாடிக்குப் பின்னால் உட்கார வைத்து, வெந்நீர் கொடுத்தார். வேறொருவராக இருந்தால் மகள் பின்னாலேயே போயிருப்பார். வேந்தர் நின்ற இடத்தில் நின்றார். போய் என்ன முகத்தோடு பேசுவது? சொல்ல வேண்டியதை வேறு எங்கே நின்று சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

"அந்த நீள சீனைப் போடுங்க" என்றார்.

திரையில் மௌனவேந்தன் உட்கார்ந்தான். எதிரே அந்தப் பையன் வாளை நீட்டிக்கொண்டு நின்றான். முகமூடி மெல்ல ஆடியது. வேந்தர் செருமிக்கொள்ளாமல் பேசினார். கையில் காகிதம் இல்லை.

"எதற்காக எடுத்தேன் என்றா கேட்கிறாய்? ஆள்வதற்கு வாள் போதும், சிறுவனே. பழி வாங்க நெருப்புப் போதும். என்னிடமிருந்து ஒரு குரல் போய்விட்டது. ஒரே ஒரு குரல். அது யாருடைய தொண்டையிலாவது ஒளிந்திருக்கும் என்று தேடினேன். ஒருத்தியிடம் அவளுடைய சிரிப்பு இருந்தது, எடுத்தேன். ஒருத்தியிடம் கோபம் இருந்தது, எடுத்தேன். அத்தனையும் சேர்த்து வைத்தும் அவள் வரவில்லை. நான் வாயடைத்தவர்கள் எல்லோரும் என் எதிரே உயிரோடு நின்று, என்னிடம் ஏதோ சொல்ல வந்தவர்கள். அவர்கள் என்ன சொல்ல வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவே இல்லை."

பையனின் வாள் தாழ்ந்தது. படத்தில் ஏற்கெனவே அப்படித்தான் எடுத்திருந்தார்கள். எதற்காகத் தாழ்கிறது என்பது இப்போதுதான் பொருந்தியது. முகமூடி கடைசியாக ஒரு தடவை ஆட வேண்டிய இடம் வந்தது.

"திருப்பிக் கொடு என்கிறாய். எடுக்கத்தான் கற்றேன். கொடுக்கத் தெரியாது."

கண்ணாடிக்குப் பின்னால் மகள் வெந்நீர்த் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் ஓடிவந்தாள். "சார், இதுதான் சார்! இதைத்தான் மூணு வருஷமா தேடினேன்."

"பொண்ணு பேசினதை அழிச்சிடுங்க" என்றார் வேந்தர்.

"சார்? அது இல்லாம வாசல் சீனை எப்படிப் பண்றது? அடுத்த வாரம் ரிலீஸ். கழுத்துல கத்தி வெச்ச மாதிரி இருக்கு சார்."

"அவன் வாசல்ல போய் நிக்கட்டும். கூப்பிடப் பாக்கட்டும். ஒன்னும் வர வேணாம்."

"எல்லாரும் அந்த வசனத்துக்குத்தான் சார் வருவாங்க."

"அவ குரல் அவகிட்டயே இருக்கட்டும்மா. எனக்கு அதுக்கு மேல சொல்லத் தெரியல." அவர் காதைப் பார்த்தார். காது தலையைக்கூட ஆட்டவில்லை, பொத்தானை அழுத்திவிட்டார்.

தொண்டை நரம்பு வீங்கியிருக்கிறது, குரல் தானாகத் திரும்பும் வரை ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அந்த வீட்டில் மகளால் நிஜமாகவே பேச முடியாது. பக்கத்து அறையிலிருந்து எதைக் கேட்டாலும் பதில் வராது. எழுந்து போய் அவள் முகத்தைப் பார்த்தால்தான் என்ன வேண்டும் என்று தெரியும். வேண்டாம் என்றால் அவளுக்கு இடது புருவம் ஏறும். பொய்யாகச் சரி என்றால் கீழுதட்டைக் கடிப்பாள். மூக்கோரத்தில் ஒரு சின்ன வடு இருந்தது. அது எப்போது வந்தது என்று கேட்டார். அவள் கையை விரித்துச் சிரித்தாள், எப்போதோ. இத்தனையும் தன் வீட்டில்தான் நடந்துகொண்டிருந்ததா என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பேச்சை அவர் பேசினார். அவள் அம்மாவைப் பற்றி, அந்தக் காய்ச்சல் நாளைப் பற்றி, வேலைக்குப் போனதைப் பற்றி. அவர் சொல்லி முடித்ததும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாமல்தான்.

குரல் திரும்பியது. சொன்னபடி அவள் ரூமுக்குப் போனாள். போக வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே வரை வந்தார்.

படம் நன்றாக ஓடியது. வாசலில் நின்று கூப்பிட முடியாமல் முகமூடியைக் கதவில் சாய்த்துக்கொள்ளும் இடத்தில் தியேட்டரே அடங்கிப்போகிறது என்றார்கள். அவனுக்கு என்ன வேண்டும் என்பதைப் பற்றி ஊரெல்லாம் பேச்சு. வேந்தர் போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் சில சமயம் இடது முழங்கையில் சுரீர் என்றது. தேய்த்துவிட்டுக்கொள்வார், திரும்பிப் பார்க்க மாட்டார்.

ஒரு சாயங்காலம் போன் அடித்தது.

"அப்பா! இன்னிக்கு ஆபீஸ்ல என்ன ஆச்சு தெரியுமா?"

குரல் முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அப்படியே அவள் அம்மா. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு வேந்தர் நின்றார். எதிரில் முகம் இல்லை. இமை கனத்தது. வீட்டில் யாரும் இல்லை, யாருக்கும் தெரியப்போவதில்லை, ஒரு நிமிஷம் மூடிக்கொண்டால் என்ன?

"இரு" என்றார் அவசரமாக. "சொல்லாத. போன்ல வேண்டாம்மா. நான் வர்றேன்."

"என்னப்பா, ஒன்னுமில்லாத விஷயம்..."

"வர்றேன், இரு."

பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார். தையல் கடைக்கு மேலே இருந்தது அவள் அறை. கீழே மெஷின்கள் ஓடும் சத்தம் படி முழுவதும் கேட்டது. சாத்திய கதவின் முன்னால் நின்றதும் தொண்டைக்குள் அந்த வாக்கியம் தானாக எழுந்து வந்தது. உலகத்தில் அவர் ஒருவர் மட்டும் எந்த வாசலிலும் நின்று சொல்லக் கூடாத வாக்கியம். விழுங்கிக்கொண்டு, கதவைத் தட்டினார்.

"யாரு?"

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் மனைவி கேட்டாள். சந்தேகமே இல்லை. அதே சலிப்பு, அதே இழுப்பு. அவர் கதவில் உரிந்துகிடந்த பெயின்ட்டை வெறித்துப் பார்த்தார். கண்ணை மூடவில்லை.

"யாருன்னு கேக்கறேன்ல?"

"உன் அப்பாம்மா" என்றார்.

தாழ்ப்பாள் விலகியது. மகள் நின்றாள். இடது புருவம், மூக்கோரத்து வடு, தலையில் சுற்றிய துண்டு. உள்ளே கூட்டிப்போய் இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்கார வைத்துவிட்டு, தான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதுக்காகவா இவ்ளோ தூரம் வந்தீங்க? சரி, கேளுங்க. இன்னிக்கு ஒரு ஆள் போன் பண்ணி, எங்க வடிகட்டி அவங்க மாமனார் மாதிரியே குறட்டை விடுதுன்னு சொன்னார்ப்பா. சரி சார், ஆள் அனுப்பறோம்னேன். வேணாம்மா, மாமனார் போய் ஒரு வருஷம் ஆச்சு, என் பொண்டாட்டி அது முன்னாடிதான் உக்காந்து காபி குடிக்கறா, அப்படியே இருக்கட்டும், கெட்டுப்போனா மட்டும் சொல்றேன்னார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியல. அப்புறம் என்ன பண்ணினேன் தெரியுமா?"

அந்த 'தெரியுமா'வில் மற்றவள் வந்து எட்டிப் பார்த்தாள். வேந்தர் மகளின் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டார். கண் எரிந்தது, தண்ணீர் கட்டி வழிந்தது.

மகள் நிறுத்தினாள். "என்னப்பா இப்படி முறைச்சுப் பாக்கறீங்க?"

"கேட்டுக்கிட்டுதான்மா இருக்கேன். சொல்லு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து வந்தாள்.

"சிமிட்டிக்கோங்கப்பா" என்றாள். "தொறக்கறப்பவும் நான்தான் இருப்பேன்."

அவர் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். இருந்தாள்.